தினமும் காலையில் ஓடுகிறவர்கள்

லிஃப்ட் மெக்கானிக் தன் வாழ்நாளில் ஓடியது இரண்டே முறை. இரண்டு முறையும் பின்னால் நாய் வந்தது. அப்பேர்ப்பட்டவர் சமையலறை வாசலில் நின்று, "இஷ் ஜோகெ யேடன் மோர்கன்" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ஓடுகிறேன் என்று பொருள்.

நர்ஸ் மனைவிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. இவர் மொழித் தேர்வில் தேறினால் கூடப் போகலாம். ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டாயிற்று. இம்முறையும் விட்டால் அவள் மட்டும் விமானம் ஏறுவாள்.

"ஓடுறேன்னு சொல்றேனே, எங்க ஓடிக் காட்டுன்னு கேட்டா?"

"முதல்ல தேறுங்க. ஓடுறத அப்புறம் பாத்துக்கலாம்."

வகுப்பு நடத்தியவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'டை'. காற்றாடி சுழலாத அறையிலும் கழுத்து டையைக் கழற்றமாட்டார். தன் கற்பித்தல் முறைக்கு ஈடு உலகிலேயே கிடையாது என்பார். முறை இதுதான்: ஓட்டம், நீச்சல், எடை தூக்குதல் என்று ஒரே தாளில் பதினெட்டு வாக்கியங்கள். எல்லோரும் அதையே நெட்டுருப் போட வேண்டும்.

"சார், நான் நீச்சலே அடிச்சதில்லையே."

"உங்கள யாரு சார் குளத்துல தள்ளினா? உண்மை பேசணும்னா கோர்ட்டுக்குப் போங்க. இங்க யோசிக்காம சொல்லுங்க, போதும்."

யோசிக்காமல் எப்படிப் பேசுவது என்பதுதான் மெக்கானிக்குக்குக் குழப்பம். பழுதான லிஃப்டில்கூட என்ன கோளாறு என்று விசாரித்த பிறகே அவர் கை வைப்பார்.

தேர்வில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்தார்கள். சனிக்கிழமை சேர்ந்து என்ன உடற்பயிற்சி செய்வது என்று இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். எதிரே அதே வகுப்பின் பேக்கரிக்காரம்மா.

"நான் தினமும் காலையில் ஓடுகிறேன். நீங்கள்?" என்றார் மெக்கானிக் ஜெர்மனில்.

"நான் தினமும் காலையில் ஓடுகிறேன். நீங்கள்?" என்றாள் அந்த அம்மாள்.

அதைத்தான் இப்போது சொன்னோமே என்று இவருக்குத் தலை சுற்றியது. நீச்சலுக்குத் தாவினார். அந்த அம்மாளும் வாரம் இருமுறை நீந்தினாள். வியாழன்தோறும் இருவரும் எடை தூக்கினார்கள். பதினெட்டும் தீர்ந்தது. ஜெர்மனில் இரண்டு பயில்வான்கள் உருவாகியிருந்தார்கள்; சனிக்கிழமை மட்டும் அப்படியே கிடந்தது. பக்கத்தில் மதிப்பெண் குறித்துக்கொண்டிருந்த தேர்வாளரின் பேனா நின்றது.

மெக்கானிக் மனைவியை நினைத்தார். நோயாளிகளிடம் பேச அவள் வீட்டில் உரக்கப் படித்தவை நாக்கில் வந்தன. "நான் ஓடவில்லை. லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படி, வேண்டாம். மைன் க்னீ டூட் வே." முழங்கால் வலிக்கிறதாம்.

பேக்கரிக்காரம்மா பெருமூச்சு விட்டாள். "எனக்கு முதுகு. மாவு மூட்டை."

"மெதுவாக நடப்போம்?"

"கொஞ்சம். பிறகு பெஞ்ச்."

"பத்து மணி?"

"பதினொன்று."

பேனா ஓடத் தொடங்கியது.

இருவரும் தேறினார்கள். தகவல் சொல்ல மெக்கானிக் வகுப்புக்குப் போனபோது, பேக்கரிக்காரம்மாவிடம் முன்பே எல்லாம் கேட்டறிந்த 'டை' புதுத் தாள் அச்சடித்து வினியோகித்துக்கொண்டிருந்தார். "என் முறையோட வெற்றி" என்றார். முதல் வாக்கியம்: என் முழங்கால் வலிக்கிறது. முன்வரிசையில் சைக்கிள் பந்தய வீராங்கனை ஒருத்தி அதைக் கண்ணை மூடி உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தப் பொண்ணுக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு?"

"அது தேர்வுக்கு எதுக்கு சார்?" என்றார் 'டை'.

மெக்கானிக் பெட்டி கட்ட வீட்டுக்கு நடந்தார். மெதுவாகத்தான்.