பாஞ்சாலி எடுக்காத போன்

பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அவ்ளோதான் மேடம்" என்றாள் ரூபீனா. மணி மூன்றரை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அணைந்து எழுந்த கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே நின்றது. துவக்குவதற்கு ஒன்றுமே இல்லையாம்.

மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கம், மாடியில் இருந்தது வக்கீல் விஜயலக்ஷ்மியின் ஆபீஸ். காலையில் வைரஸ் புகுந்து படுத்துவிட்ட கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போட்டு எழுப்பத்தான் தேனாம்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரூபீனாவை வரவழைத்திருந்தார். வாசலோரம் ஸ்டூலில் கட்சிக்காரி பாஞ்சாலி. இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குக் கோர்ட்டில் வாங்கிய தடை இன்று ஐந்து மணியோடு முடிகிறது. நீட்டிக்கக் கேட்கும் மனு அதற்குள் இணையத்தில் ஏறிவிட்டால், அந்த உத்தரவுப்படியே, விசாரணை வரை யாரும் கை வைக்க முடியாது. ஏறாவிட்டால் ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்கு ஓனர் பூட்டுப் போடலாம்.

ரூபீனாவுக்குத் தப்பு எங்கே என்று உடனே உறைத்தது. ஒரே டிஸ்க் உள்ள மெஷின்களாகப் போட்டுப் பழகிய கை அது. இங்கே இரண்டு டிஸ்க், போதாததற்கு இந்தப் பென்டிரைவ். எதில் எழுத வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டபோது படிக்காமல் முதலில் இருந்ததைத் தட்டிவிட்டாள். கம்ப்யூட்டரை எழுப்பும் சமாசாரம் பென்டிரைவில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன கதைதான்.

சொல்லிவிட்டாள். மழுப்பவில்லை. விஜயலக்ஷ்மி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரூபீனாவுக்கு.

பென்டிரைவைத் திரும்பச் செருகி, எழுப்பி, சரியான டிஸ்க்கில் எழுதி முடிக்க நாலு இருபது. இந்தத் தடவை பென்டிரைவ் இல்லாமலே எழுந்தது. இன்னொரு டிஸ்க்கில் மனு பத்திரமாக இருந்தது. ஆனால் நெட் இல்லை. கேபிளை மாற்றினாள், மோடத்தை அணைத்துப் போட்டாள். நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருப்பதே லினக்ஸுக்குத் தெரியவில்லை. அதை இயக்கும் டிரைவர் புரோகிராமை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர நெட் வேண்டும்.

மனுவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடலாமா என்று கேட்டாள். கட்சிக்காரர் காகிதம் இந்த அறையைத் தாண்டாது என்றார் விஜயலக்ஷ்மி. ஒரு தடவை அப்படித் தாண்டிய மனுவின் நகல் மறுநாளே எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருந்ததாம். சூடு பட்டவர், அசைய மாட்டார்.

டிரைவரை விடு, போனைக் கேபிளில் மாட்டினால் அதன் நெட்டே போதும். ரூபீனாவின் போனில் கேபிள் துளை பழுது, சார்ஜ் ஏறும், வேறெதுவும் போகாது. மேடத்தின் போனுக்கு அந்த அறையில் சிக்னல் கிடையாது, பேசுவதற்கே படிக்கட்டுக்குப் போவார். நாலு முப்பத்தெட்டு.

பாஞ்சாலி தன் போனை நீட்டினாள். "நெட்டு கீது. ஆனா யார்னா கூப்ட்டு நான் எட்த்தா, நெட்டு நின்னுடும்மா."

மாட்டியதும் நெட் வந்தது. கையெழுத்திட்ட மனுவும் இணைப்புகளும் நூற்றிருபது பக்கம், எல்லாம் ஸ்கேன் செய்த படங்கள். நத்தை ஜெயித்துவிடும். இருபது சதவீதம். முப்பத்தைந்து.

நாலு ஐம்பதுக்குப் போன் அடித்தது. திரையில் வெள்ளைத்துரையின் பெயர். பாஞ்சாலியின் புருஷன், வீட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். பூட்டோடு ஆள் வந்தால் மட்டும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பாஞ்சாலியின் கை போனுக்கு மேலே போய் நின்றது. ரூபீனாவால் அவளைப் பார்க்கவே முடியவில்லை. என் அவசரத்தால் அல்லவா இவள் இப்படி நிற்கிறாள். எடுக்காதே என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது.

பாஞ்சாலி கையை இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். அடித்து ஓய்ந்தது. அறுபது. மறுபடி அடித்தது. எழுபத்தொன்று. மூன்றாவது தடவை பாதியில் நின்றுபோனது. பிறகு அடிக்கவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பாஞ்சாலி சத்தமில்லாமல் அழுதாள், கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

நாலு ஐம்பத்தேழுக்கு மனு எண் வந்தது.

ரூபீனா கேபிளை உருவிப் போனைக் கையில் கொடுத்தாள். முதல் மணியிலேயே வெள்ளைத்துரை எடுத்தான். பின்னால் ஏகப்பட்ட ஆண் குரல்கள், கதவு தட்டும் சத்தம்.

"ஏறிடுச்சுயா, நம்பர் வந்துச்சு" என்றாள் பாஞ்சாலி.

"உள்ள தாப்பா போட்டுகினு கீறேன். ஸ்பீக்கர்ல போட்றேன். கத்திச் சொல்லு, இவனுங்க காதுல வுழட்டும்."

பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன் குனிந்தாள். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, மாட வீதிக்கே கேட்கிற குரலில் படித்தாள். ஆறாவது எண்ணில் அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம் நின்றது. அவள் நிறுத்தாமல் கடைசி எண் வரை படித்தாள்.