கடைசிப் பெட்டி

ஓய்வு நாள் என்று பெயர்தான். எட்டு நாள் சைக்கிள் மிதித்துவிட்டு ஒன்பதாம் நாளும் யாரும் சும்மா இருக்கக் காணோம். லாட்ஜின் மொட்டைமாடி முழுக்க ஈரத்துணி தொங்கியது. கீழே வாசலில் சைக்கிள்களைத் தலைகீழாக நிறுத்தி, பழைய டூத் பிரஷ்ஷால் ஆளாளுக்குச் செயினைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லை இத்தனை அக்கறையாகத் தேய்த்திருந்தால் பாதிப் பேருக்குப் பல் டாக்டரைத் தெரிந்தே இருக்காது.

கணக்கு சார் மட்டும் அறையை விட்டு வெளியே வரவில்லை. கீழே போகப் பதினாறு படி. ஒவ்வொரு படிக்கும் இடது முட்டிக்குப் பின்னால் சுருக்கென்றது. நான்கு நாளாக இந்த வலி. யாரிடமும் மூச்சு விடவில்லை. பயணத்தை நடத்துகிறவன் அவருடைய மனைவியின் தம்பி. அவனிடம் சொந்தம் பந்தம் செல்லாது. வலி என்று வாயைத் திறந்தவர் சாமான் வேனில் ஏறியாக வேண்டும். நாளைக்கோ இருபத்திரண்டு கிலோமீட்டர் மலையேற்றம். அந்த மலைக்காகத்தான் இரண்டு வருடமாகத் தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஊரைச் சுற்றிச் சுற்றி மிதித்திருந்தார். ஒரு கிலோமீட்டர்கூட வேனில் போகாமல் பயணத்தை முடிக்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் மனிதருக்கு இருந்த ஒரே ஆசை அது.

கதவைத் தட்டியது கடைசிப் பெட்டி.

அந்தப் பட்டப்பெயரை வைத்ததே கணக்கு சார்தான். அந்தம்மாவுக்குத் தையல் தொழில். முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். முட்டி வலி வந்து தானும் பின்தங்கியபோதுகூட, நமக்குப் பின்னால் ஒரு ஜீவன் இருக்கிறது என்று சார் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"கால் எப்படி இருக்கு சார்?"

"எந்தக் கால்?" என்று கேட்டு சார் தானாகவே மாட்டிக்கொண்டார்.

"இடது கால். நாலு நாளா நீங்கதானே எனக்கு முன்னாடி போறீங்க? உங்க முதுகு எனக்கு மனப்பாடம். மிதிக்கு மிதி இடுப்பு எறங்கி ஏறுது. உங்க சீட்டு உயரமா இருக்கு சார்."

சாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அளவு விஷயத்தில் அவரிடமா? பல்லைக் கடித்துக்கொண்டு பதினாறு படியும் இறங்கி, சீட்டுத் தண்டில் கறுப்பு டேப் சுற்றிய அடையாளத்தைக் காட்டினார்.

"பாருங்கம்மா. வீட்ல அளந்து வெச்ச எடம். ஒரு நூல்கூட நகரல."

டெய்லரம்மா டேப்பைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது சாருடைய காலை. "இந்த ஷூ எப்ப வாங்கினீங்க?"

"அஞ்சாம் நாள் காலையில. பழசு மழையில ஊறி வாயைப் பொளந்துடுச்சு."

"பழசு இருக்கா?"

இருந்தது. தூக்கிப்போட மனசு வராமல் பையின் அடியில் வைத்திருந்தார். டெய்லரம்மா போய் எடுத்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடுப்புப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை உருவினார். பழைய ஷூவின் அடிப்பாகம் புதியதைவிட அரை இஞ்சுக்கு மேல் தடிமனாக இருந்தது.

"பேன்ட்டுக்கு அளவு எடுக்கும்போது, எந்தச் செருப்போட போடப் போறீங்கன்னு கேக்காம நான் மடிப்பே தைக்கிறதில்ல சார். சீட்டு ஏறல. உங்க கால்தான் குட்டையாயிடுச்சு."

சார் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாளில் எதை விட்டுவிட்டாய் என்று சிவப்பு மையில் எழுதியவர். டேப்பைத் தினமும் காலையில் தடவிப் பார்த்தவர், காலில் புதிதாக ஏறியதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனால் வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. ஓடுகிற சைக்கிளில், பின்னால் இருந்துகொண்டு, அரை இஞ்சைக் கண்டுபிடித்த கண் என்ன கண்!

டெய்லரம்மா சீட்டை இறக்கி முடுக்கினார். சார் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். வலி போய்விடவில்லை, ஆனால் குத்தல் பாதியாகியிருந்தது.

அதற்குள் மச்சான்காரன் பழக்கூடையோடு வந்து சேர்ந்தான். டெய்லரம்மாவைப் பார்த்து, "அக்கா, நாளைக்கும் நீங்கதானே பின்னாடி?" என்றான்.

"பின்ன? பின்னாடி ஆள் வேணுமில்ல."

சார் ஒன்றும் புரியாமல் பார்த்தார். மச்சான் சிரித்தான். "உங்களுக்கும் தெரியாதில்ல மாமா? போன தடவை இந்த மலையில எல்லாருக்கும் அரை மணி நேரம் முன்னாடி மேல போய் நின்னவங்க இவங்க. யாராவது நடுவழியில நின்னுட்டா பாத்துக்கத்தான் கடைசியில வரச் சொன்னேன். வெளிய சொல்லிட்டா, மெதுவா போறவங்க கூச்சப்பட்டு மூச்சு முட்ட மிதிப்பாங்க. அதான் சொல்லல."

கடைசிப் பெட்டி என்று தான் சொல்லிச் சிரித்த அத்தனை தடவையும் சாருக்கு ஞாபகம் வந்தது. அந்தம்மாவும் கூடவே சிரித்திருந்தார்.

"மாப்ள," என்றார் சார். "எனக்கு நாலு நாளா முட்டி வலி."

மச்சானின் முகம் மாறியது. வேன் என்று அவன் வாயெடுப்பதற்குள் டெய்லரம்மா குறுக்கிட்டார். "காரணம் தெரிஞ்சாச்சு தம்பி, சரியும் பண்ணியாச்சு. அவசரப்படாம மிதிச்சா ஏறிடுவாரு."

"அவசரப்பட முடியாத எடம் ஒண்ணு இருக்கில்ல," என்றார் சார். "நாளைக்குக் கடைசியில நான் வரேன். வலி ஏறுச்சுன்னா நானே வேனைக் கூப்பிடுறேன். இந்தம்மாவைப் போக விடு."

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தலையாட்டினான்.

மறுநாள் மலையடிவாரத்தில் டெய்லரம்மா, பம்ப்பும் டியூப்பும் இருந்த பையைச் சாரின் தோளில் மாட்டிவிட்டார். "யாரையும் தாண்டக்கூடாது சார். தாண்டணும்னு கால் துடிக்கும். அதான் கஷ்டம்."

எட்டு நாளும் இந்தம்மாவுக்குக் கால் துடித்திருக்கிறது என்பது அப்போதுதான் சாருக்கு உறைத்தது. டெய்லரம்மா சைக்கிளில் ஏறினார். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார். சார் முதல்முறையாக அவருடைய முதுகைப் பார்த்தார். இடுப்பு ஒரு நூல்கூட அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று கழுத்தை நீட்டினார். அதற்குள் முதல் வளைவில் அவர் மறைந்துவிட்டார்.