பொத்தான் வைத்த இயந்திரம்

ரீனோ நகரச் சூதாட்டக் கூடத்தில் மார்வின் செலென்கா கொண்டுவந்து வைத்த, காசு போட்டு ஆடும் இயந்திரத்தைக் காலையிலிருந்து ஒரு ஈ காக்கை தொடவில்லை. சிகாகோவில் உயிரைக் கொடுத்து அவன் செய்தது அது. பழைய இயந்திரங்களில் கைப்பிடியை இழுக்கிற பலத்தில்தான் படம் போட்ட சக்கரங்கள் சுழலும்; ஒரே படம் வரிசையாக நின்றால் பரிசு. இதிலோ மின் மோட்டார் சுழற்றும். பரிசு விழுந்தால் எவ்வளவு காசானாலும் தானே கொட்டும். அப்புறம் கைப்பிடி எதற்கு என்று ஒரு பொத்தானை வைத்திருந்தான் அந்த மேதாவி. இன்று மாலைக்குள் கூடத்தின் முதலாளி ப்ரிடி வாங்காவிட்டால் மார்வினின் கம்பெனி இந்த வேலையையே இழுத்து மூடிவிடும்.

ப்ரிடி சுருட்டைக் கடித்தபடி வந்தார். "என்னய்யா, உன் ஃப்ரிட்ஜ் ஓடுதா?"

"ஜனங்களுக்குப் புரியல சார்."

"நல்லாவே புரியுது. கரண்ட வச்சு ஏமாத்துறோம்னு நினைக்கிறான். சூதாடுறவன் தன் கைய நம்புவான், உன் வயர நம்புவானா? மூட்டை கட்டு."

மார்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலையில் பழுதாகிக் கிடந்த இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடுங்கித் தன்னுடையதில் மாட்டினான். பொத்தானுக்குப் போன கம்பியை அதன் அடியில் இணைத்தான். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வசவு விழுந்தது.

பக்கத்து இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்த லொரீனா டட்டில், காசுக் கறை படிந்த கையுறையோடு எழுந்து வந்தாள். காசைப் போட்டாள், இழுத்தாள். மணி அலறியது. காசு கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. கூட்டம் கூடிவிட்டது.

"பாத்தீங்களா! நிதானமா, பாதியில கொஞ்சம் நிறுத்தி இழுக்கணும். என் கைவாகு அப்படி!"

மார்வினால் பொறுக்க முடியவில்லை. "உங்க கைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. அது வெறும் சுவிட்ச். பொம்மைக் கை!"

ப்ரிடியின் முகம் வெளுத்தது. லொரீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ என்னைக்காவது ஜெயிச்சிருக்கியா தம்பி?"

"நான் ஆடுறதே இல்ல."

"அதான் வயித்தெரிச்சல்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அடுத்த காசைப் போட்டாள். பின்னால் வரிசை நீண்டது.

ப்ரிடி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். "அம்பது மெஷின் அனுப்பச் சொல்லு. எல்லாத்துலயும் கை இருக்கணும்." தொப்பியை அவன் நெஞ்சில் திணித்தார். "நீ மட்டும் இந்தப் பக்கம் தலை காட்டின, அந்தக் கையப் பிடுங்கியே அடிப்பேன்."