லீவு லெட்டர்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவர வழியில்லாமல் ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. கூட்ரோடு டீக்கடைக்காரர் நேற்று மதியம் அதைக் கொண்டுவந்து விட்டுப் போனபோது, யாரோ பழக்கதோஷத்தில் சார்ஜரையும் மாட்டிவிட்டிருந்தார்கள். தென்றல் பிளக்கைப் பிடுங்கி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைச் சாமியானா ஓரமாக உருட்டினாள். சின்னத் திரை விழித்துக்கொண்டது. வேக வரம்பு: 30.

"பேட்டரி வண்டி வாங்கிக் குட்த்தா இப்டித்தான், சத்தமே வராது, மனுசனுக்கு உஷாரே இருக்காது" என்றார் ஏகாம்பரம் பெரியப்பா. அவருக்கு எதற்கும் ஒரு கருத்து உண்டு.

"சும்மா இருங்க மாமா. இவ வேகத்த முப்பதுல கட்டி வச்சதாலதான் அவரு முழுசா வூட்டுக்கு வந்தாரு. ரோட்ல போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள் சரோஜா சித்தி. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

தென்றல் சார்ஜர் வயரைச் சுருட்டினாள். நேற்று முதல் இந்தப் பாராட்டை நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

அப்பா சுப்பிரமணி முப்பது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. ரிட்டயர் ஆன மறு வருஷம், கண் ஆபரேஷனுக்குப் பிறகு, பழைய பைக்கைக் கொண்டுபோய் மீடியனில் முட்டினார். தென்றல் பைக்கை விற்றுவிட்டு இந்த ஸ்கூட்டரை வாங்கினாள். அவள் போனிலிருந்தே வேகத்தைக் கட்டிப்போடலாம். அப்பாவுக்கு வேகம் வேண்டுமென்றால் வண்டித் திரையில் ஒரு பட்டனை அமுக்கிக் கேட்க வேண்டும். அவள் போனில் 'அனுமதி' கொடுத்தால்தான் வண்டி முப்பதைத் தாண்டும்.

"பஸ்ல வேகத்த கட்ட கவர்னர் வச்சான் கம்பெனிக்காரன். அது அவன் வண்டி, வச்சிக்கட்டும். இது என் காலுமா. என் காலுக்கு நீ கவர்னர் வப்பியா?"

"கம்பெனி லைன்ல நின்னுகினு உன்னையே நெனச்சிகினு இருக்க முடியாதுப்பா."

அதற்கப்புறம் அவர் சண்டை போடவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை பட்டனை அமுக்குவார். அவள் மறுப்பாள். "இன்னிக்கும் லீவு லெட்டர் போட்டேன். மேடம் சாங்ஷன் பண்ல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள்கூட விட்டதில்லை.

நேற்றுக் காலையும் ஒன்று வந்தது, மறுத்தாள். பிறகு சுங்குவார்சத்திரம் பிளான்டுக்குள் போய், எல்லோரையும்போல போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள். சாப்பாட்டு பிரேக்கில் எடுத்தபோது அம்மாவின் பதினாலு மிஸ்டு கால். அதற்கும் கீழே வண்டியிலிருந்து மூன்று வேண்டுகோள். பத்து முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. பதினோரு மணிக்குள் அப்பா இல்லை.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் கேட்டாரா? முப்பதில் ஊர்ந்துகொண்டு மூன்று தடவை கேட்டாரா? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன் இடுப்பில் செருகிய நெருப்புத் துண்டாக இருந்தது.

குளிப்பாட்டி முடித்தபோது ஜெபகுமார் வந்தான். அப்பாவிடம் தொழில் கற்றவன், இப்போது அவர் ஓட்டிய அதே பஸ்ஸை ஓட்டுகிறவன். மாலையைப் போட்டுவிட்டு தென்றலிடம் வந்து நின்றான்.

"கடைசியா நாந்தாம்மா கூட இருந்தேன்."

அவள் அவனை வண்டி ஓரமாக அழைத்துப் போனாள். "நெஞ்சு வலிக்குதுன்னு முன்னாடியே எதுனா சொன்னாராண்ணே?"

"அய்ய, இல்லமா. நல்லா இருந்தாரு. காலி வண்டிய ஷெட்டுக்கு எடுத்துனு போறேன், கண்ணாடில பாத்தா அண்ணன் பின்னாடி வர்றாரு. ஹாரன் அடிக்கிறாரு, கைய காட்றாரு, ரேஸுக்கு வரியான்னு. நான் வேணும்னே ஸ்லோ பண்ணேன். அப்பவும் அவரால தாண்ட முடில. ஒரகடம் கூட்ரோடு கிட்ட வண்டிய ஓரங்கட்டிட்டு நின்னேன். வந்து, 'பொண்ணுக்கு மூணு லெட்டர் போட்டேன்டா, பதிலே காணோம்'னு ஒரே சிரிப்பு. டீ சொன்னோம். டீ வர்றதுக்குள்ள நெஞ்சுல கைய வச்சிட்டாரு."

உயிருக்காகக் கேட்கவில்லை. தென்றலுக்கு நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வந்தது. வந்த வேகத்தில் பாதியிலேயே நின்றது. ஒரு பஸ்ஸைத் தாண்டத்தான் கேட்டிருக்கிறார். தன் பஸ்ஸை. அவள் ஸ்கூட்டர் சீட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஜெபகுமார் திரும்பி நின்றுகொண்டான்.

ரோடு அகலமானதிலிருந்து சுடுகாடு எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டது. கூப்பிடு தூரம்தான், ஆனால் இரண்டு கிலோமீட்டர் போய் யூ டர்ன் எடுத்து வர வேண்டும். அதனால் தெருமுனை வரை மேளமும் பூவும், அங்கிருந்து வேன். பெண்கள் முனையோடு நின்றுவிடுவார்கள். வேன் டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசி ஜெபகுமார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். டிரைவர் மறுபேச்சில்லாமல் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார்.

"மெதுவா வுடு ஜெபா. கடைசிப் போக்கு. ஆடி அசஞ்சி போவட்டும்" என்றார் ஏகாம்பரம் பெரியப்பா, பின்னால் ஏறிக்கொண்டே.

ஜெபகுமார் ஜன்னல் வழியாகத் தென்றலைப் பார்த்தான்.

"மெதுவா வேணாண்ணே" என்றாள். "ஓட்டுங்க."

"இன்னாடி பேசற?" என்று பெரியப்பா தலையை நீட்டினார்.

அவளைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா மரகதம் காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "போவட்டும் மாமா. அவ சாங்ஷன் பண்ட்டா."

வேன் ரோட்டில் ஏறியது. முன்னால் புதுக் கார்களை அடுக்கிய நீளமான டிரைலர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. வேனின் வலது இண்டிகேட்டர் எரிந்தது. சாமந்தி கொத்துக்கொத்தாகப் பிய்ந்து பறந்தது. டிரைலரைத் தாண்டி அது கண்ணுக்கு மறைந்தது.

மேளக்காரர்கள் பறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பீடி பற்றவைத்தார்கள். சரோஜா சித்தி வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினாள். மரகதம் நகரவில்லை.

அவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமாக வேன் மீடியனுக்கு அந்தப் பக்கம் திரும்பி வந்தது. ஜெபகுமார் நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். மரகதம் கையைத் தூக்கினாள், முப்பது வருஷமாக இதே முனையில் ஷிப்ட் பஸ்ஸுக்குத் தூக்கியதைப்போல.