பன்னிரண்டு கோர்

அரையிறுதிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் தேஜஸ்ரீயின் கார் இரண்டு பேரை முந்திக்கொண்டு போனது. ஆனால் அவளுடைய நேரலையில் இருந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்களுடைய திரையில் கார் ஒரு வளைவில் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி படம் அசைந்தபோது பந்தயமே முடிந்திருந்தது. “படம் காட்டறேன்னு கூப்புட்டுப்போட்டு போட்டோ காட்டறீங்களே அம்மணி” என்று எழுதிவிட்டு ஒருவர் கிளம்பிப் போனார்.

பீளமேட்டில் பம்ப் கம்பெனி ஒன்றின் டிசைன் பிரிவில் வேலை செய்யும் தேஜஸ்ரீக்கு, மாலையானால் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்ட வேண்டும். அவள் ஓட்டுவாள், கனிஷ்கா வர்ணனை செய்வாள். கனிஷ்காவின் குடும்பத்துக்குக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் இருந்தது. அங்கே தன் அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவள் போடும் சத்தத்துக்காகவே ஒரு கூட்டம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு வருடமாகத் தினமும் பேசிக்கொண்டாலும் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

“ஞாயித்துக்கெழம ஃபைனலு. அன்னைக்கும் இப்பிடி நின்னுபோச்சுன்னா நான் என்னத்தச் சொல்லிச் சமாளிக்கறது?” என்று கனிஷ்கா போனில் கேட்டாள்.

“கேம் ஓடறதுக்கே ப்ராசசர் முக்கித் தெணறுது கனி. அதுக்கு மேல லைவுக்கு வீடியோவையும் அதுவேதான் சுருக்கி அனுப்போணும். கிராஃபிக்ஸ் கார்டு வழியா அனுப்பிப் பாத்தேன், பழைய கார்டா, படம் கட்டங்கட்டமா ஒடையுது. ப்ராசசர மாத்துனாத்தான் ஆவும்.”

“அப்ப சனிக்கெழம நானே வாரேன். கடைக்குப் போலாம்.”

காந்திபுரத்தில் கடை வாசலில் தேஜஸ்ரீ காத்திருந்தாள். அந்தக் கணீர்க் குரலுக்கு ஓங்குதாங்கான ஒரு பெண்ணைத்தான் அவள் மனத்தில் வைத்திருந்தாள். காரிலிருந்து இறங்கியது அவள் தோளுயரம்கூட இல்லாத பெண். “ஏப்புள்ள தேஜூ!” என்ற முதல் கூப்பாட்டிலேயே தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை, அவளேதான். இருவரும் கட்டிக்கொண்டு நடைபாதையிலேயே குதித்தார்கள்.

கடைக்காரர் பாலகோபால் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். “ரெண்டுமே உங்க மதர்போர்டுல சேருமுங்க. இது எட்டு கோரு, எட்டு மூளைன்னு வெச்சுக்குங்க. உள்ள கேஷ் மெமரி நெறைய, கேமுக்குன்னே செஞ்சது. இது பன்னெண்டு கோரு. ஒரே நேரத்துல ரெண்டு மூணு வேலையத் தாங்கும். கடை மிஷின்ல ரெண்டையும் போட்டுக் காட்டறேன், ஓட்டிப் பாருங்க.”

எட்டு கோரில் தேஜஸ்ரீ ஓட்டினாள். கார் காற்றாய்ப் பறந்தது. அவள் கண்கள் விரிந்தன. பன்னிரண்டில் அந்த வேகம் ஒரு மாற்றுக் குறைந்தது. “எட்டே எடுத்துக்கறேனுங்கண்ணா” என்றாள் உடனே.

“சித்தெ இரு” என்றாள் கனிஷ்கா. “லைவையும் சேத்துப் போட்டு ஓட்டு. நான் வெளிய நின்னு போன்ல பாக்கறேன்.”

இரண்டிலும் நேரலையோடு ஓட்டி முடித்ததும் கனிஷ்கா உள்ளே ஓடி வந்தாள். “மொதல்ல போட்டது திருப்பத்துல திருப்பத்துல தெத்தித் தெத்தி நிக்குது. ரெண்டாவது இருக்குதே, எண்ணெய் ஊத்துனாப்புல வழுக்கீட்டுப் போவுது!”

“ஃபைனல்ல எனக்கு வேகம் வேணுமே, கனி.”

“நீ ஜெயிக்கறத நீ மட்டும் பாத்து என்ன பண்ணப்போற?”

தேஜஸ்ரீ மறுபடி பன்னிரண்டு கோரில் உட்கார்ந்தாள். நேரலையை ஓடவிட்டு, திரையோரம் படத்தின் வேகத்தைக் காட்டிய எண்களை அட்டையால் மறைத்துவிட்டு, காரை மட்டும் பார்த்து ஓட்டினாள். கையசைவுக்கு வண்டி உடனே திரும்பியது, எங்கும் பிசகவில்லை. எழுந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. “கைக்கு ஒரு கொறையும் தெரியல. இதையே குடுங்கண்ணா.”

“ஊட்டுக்குப் போனதும் பழைய ப்ராசசரோடவே, போர்டுக்குள்ள இருக்கற பயாஸ் ப்ரோக்ராம மொதல்ல அப்டேட் பண்ணிப்போடுங்க. அப்பத்தான் போர்டுக்கு இந்தப் புதுசு யாருன்னு தெரியும். நடுவுல கரண்டு மட்டும் போயிரக் கூடாதுங்க. போச்சுன்னா போர்டே போச்சு” என்று பாலகோபால் எச்சரித்து அனுப்பினார்.

இருவரும் தேஜஸ்ரீயின் வீட்டுக்கு வந்து தொடங்கிய பயாஸ் அப்டேட் பாதியைத் தாண்டியபோது மின்விசிறி நின்றது. சமையலறையிலிருந்து அவள் அம்மா பங்காரம்மா குரல் கொடுத்தார்: “கரண்டு போயிருச்சுடி!”

யுபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பழைய பேட்டரி. கத்தலின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

“மானிட்டர ஆஃப் பண்ணீறு! அந்தப் பாரமாச்சும் கொறையட்டும்” என்றாள் கனிஷ்கா.

தேஜஸ்ரீ அணைத்தாள். இனி உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கேபினட்டின் சின்ன நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பங்காரம்மாவும் கரண்டியோடு வந்து நின்று அந்த விளக்கையே பார்த்தார். திடீரென்று விளக்கு அணைந்தது. தேஜஸ்ரீ கனிஷ்காவின் கையை இறுகப் பிடித்தாள். மறுநொடி விளக்கு எரிந்தது. கேபினட் விசிறி உறுமிக்கொண்டு சுழன்றது. மானிட்டரைப் போட்டாள். அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி கிளம்பியிருந்தது.

“என்ற சாமி!” என்று கனிஷ்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டரை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பழையதைக் கழற்றினார்கள். கனிஷ்கா போன் டார்ச்சைப் பிடிக்க, தேஜஸ்ரீ புதியதை மெல்ல வைத்தாள். அழுத்தாமலே அது தன் இடத்தில் போய் அமர்ந்தது. கரண்டு திரும்பியதும் சுவிட்சைத் தட்டினார்கள். திரையில் பன்னிரண்டு கோர் என்று வந்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பங்காரம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

கனிஷ்கா அன்று ஊருக்குப் போகவில்லை. ஞாயிறு பந்தயத்தின்போது தேஜஸ்ரீயின் பக்கத்து நாற்காலியிலேயே மைக்கோடு உட்கார்ந்தாள். கடைசிச் சுற்று வரை தேஜஸ்ரீ இரண்டாவதாக இருந்தாள். முன்னால் போனவன் ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாகத் திரும்பினான்.

“எடம் உட்டுட்டான், எடம் உட்டுட்டான்! பூந்துபோடு புள்ள!”

உள்பக்கமாக நுழைந்தாள். இரண்டு கார்களும் உரசுவதுபோல் ஒட்டி ஓடின. முடிவுக்கோட்டைத் தாண்டும்போது அவளுடைய முன்சக்கரம் மட்டும் முன்னால் இருந்தது.

தேஜஸ்ரீ ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். முடிவைச் சொல்ல வேண்டிய கனிஷ்கா வர்ணனையை மறந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். நேரலையில் ஒரு நொடிகூடப் படம் நிற்கவில்லை. படிக்கவே முடியாத வேகத்தில் வாழ்த்துகள் மேலே ஓடின.

“அந்தத் திருப்பத்த இன்னொருக்காப் போடுங்க” என்று யாரோ எழுதினார்கள். போட்டார்கள். முடிந்ததும் கனிஷ்காவே மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கம்மிப்போன குரலில் சொன்னாள்:

“மறுக்காப் போடு தேஜூ. நான் கத்துன கத்துல செரியாவே பாக்கல.”