ஆடி வெள்ளியில் ஒரு மில்லிமீட்டர்

ஐந்து வருஷ ஆராய்ச்சி முடிந்து, வாய்மொழித் தேர்விலும் பாஸாகிப் பத்தாவது நாள். தலையணை கனத்துக்கு இருந்த என் ஆய்வேட்டையும் ஒரு கிலோ காராச்சேவையும் பையில் போட்டுக்கொண்டு, கோவில்பட்டியில் முதல் பஸ் பிடித்து எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போனேன். சுப்புத்தாய் அக்காவைப் பார்க்க. அவள் புஞ்சையோரம் நான் நட்டுவைத்த மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் குறித்துத் தந்தவள் அவள்தான். ஒருநாள் விட்டதில்லை. மகள் கல்யாணத்தன்றுகூடத் தாலி கட்டி முடிந்ததும் ஓடிவந்து பார்த்திருக்கிறாள்.

மூன்று ஊர்களில் மழைமானி வைத்திருந்தேன். கழுகுமலையும் மணியாச்சியும் காய்ந்து கிடந்த நாட்களில்கூட இந்த ஊரில் மட்டும் சிறுதூறல் விழுந்திருந்தது. அதை வைத்துத்தான் என் நான்காம் அத்தியாயமே. இந்தப் பக்கம் பருவமழைக்கு முன்பே மண்ணில் ஈரம் பிடித்துவிடுகிறது, முந்தி விதைக்கலாம் என்று எழுதினேன். தேர்வாளர் அதைத்தான் தூக்கிவைத்துப் பேசினார். நானும் பத்து நாளாகக் கால் தரையில் பாவாமல் திரிந்தேன்.

"ஏட்டி இவா, வா வா! டாக்டராயிட்டியே!" என்று அக்கா கன்னத்தைக் கிள்ளினாள். "இரு, மணி எட்டரை ஆயிட்டு. பாத்துட்டு வந்திருதேன்."

நானும் பின்னால் போனேன். ஆடிக்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அக்கா மழைமானியைத் திறந்து கவிழ்த்தாள். ஓர் எறும்பு விழுந்தது. நோட்டை எடுத்து, தேதி போட்டு, எதிரே மில்லிமீட்டர் கட்டத்தில் 1 என்று எழுதினாள்.

"எக்கா, ஒண்ணுன்னு போடுதீங்க? மழையே இல்லையே!"

"சும்மா இரு. ஆடி வெள்ளியும் அதுவுமா முட்டை போடுவாகளா? வெள்ளி, மாசப்பிறப்பு, கார்த்திகைக்கெல்லாம் நான் ஒண்ணுதான் போடுவேன். ஒரே ஒண்ணுதானட்டி!"

எனக்கு மூக்குநுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். நோட்டை வெடுக்கென்று பிடுங்கினேன். உள்ளே தேதிதான் இருந்தது, கிழமை இல்லை. கிழமைக்குக் கட்டம் போட்டுக் கொடுக்காதது நான்தான். செல்போனில் காலண்டரைத் திறந்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். வெள்ளி. வெள்ளி. மாசப்பிறப்பு. வெள்ளி. என் இருநூற்றுச் சொச்சம் தூறலும் இப்படித்தான் பெய்திருந்தது.

கத்த வாயெடுத்தபோது வீட்டு ஞாபகம் வந்தது. என் அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவளும் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்லமாட்டாள், நிறைஞ்சிருக்கு என்பாள். அதைக் கேட்டு வளர்ந்த கழுதை நான். எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று உடனே தோன்றியது. அடுத்த மாதம் பட்டம் கைக்கு வந்துவிடும், அதை நம்பி ஒரு கல்லூரியில் வேலையும் சொல்லியிருந்தார்கள். ஆண்டவர் மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால், அக்காவின் வீட்டுக்காரர் வேல்சாமி அண்ணாச்சி வாசலில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா டாக்டரு. உளுந்து விதை எறக்கியாச்சு. இங்கன ஈரம் முந்தியே இருக்குன்னு நீ போன்ல சொன்னேல்லா? ஆவணி பொறந்ததும் போட்டிர வேண்டியதுதான்."

"எப்பவும் புரட்டாசியிலதான அண்ணாச்சி விதைப்பீங்க?"

"ஆமா. எனக்கும் அந்தத் தூறல் ஒண்ணும் தட்டுப்படல. ராத்திரி விழுந்து விடியுமுன்ன காஞ்சிரும்போல. நாப்பது வருஷமா எனக்குத் தெரியாதது ஒன் மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கே!"

பெருமையாகச் சிரித்தார். அவர் தூக்கப்போன மூட்டைமேல் கையை வைத்தேன்.

"விதைக்காதீங்க அண்ணாச்சி. அந்த மழை பெய்யவே இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணு ஒண்ணாத்தானட்டி போட்டேன், ஒன் படிப்பையே கெடுத்துட்டேனே" என்று அழுதாள். நீங்க கெடுக்கலக்கா, நான்தான் கேக்கல என்றேன். எனக்கும் அழுகை வந்தது.

அண்ணாச்சி எழுந்தார். "மூட்டை புரட்டாசி வரைக்கும் கெடந்துட்டுப் போவுது" என்று ஒன்றொன்றாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

அங்கேயே நின்று என் வழிகாட்டி பரமசிவன் சாருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை வேற யார்கிட்டயாவது சொல்லிட்டியாம்மா?" என்றார்.

"சொல்லிட்டேன் சார். விதைக்க இருந்தவர்கிட்ட."