சௌந்திரம் எடுத்த பூஜ்யம்

1

இந்தக் கதையை எனக்கு அங்கமுத்து ஒரு கல்யாணப் பந்தியில் வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்தது உறுத்தியதால் எழுதுகிறேன்.

முதல் வரி: ‘அன்று நாமக்கல்லில் மழை தூறிக்கொண்டு…’

(அடித்துவிட்டேன். அன்று அடித்தது சித்திரை வெயில்.)

2

1985. லாரி முதலாளி மருதாசலம் பம்பாயிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கிவந்தார். கூடவே இரண்டு கேசட். ஒன்று பந்தாட்டம். மற்றது பெரியவர்களுக்கு மட்டும்.

ஞாயிறு மதியம் கூட்டாளி அங்கமுத்துவோடு உட்கார்ந்து அதைப் போட்டார். மோர் கொண்டுவந்த மருதாசலத்தின் மனைவி சௌந்திரம் திரையைப் பார்த்து நின்றாள். கம்பத்தில் கட்டிய ஒரு பெண். உடம்பில் துணியில்லை. மேலிருந்து விழும் கற்களுக்குத் தப்பி ஒருவன் அவளிடம் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தபின் அவன் செய்வதற்குத்தான் பாயிண்ட். (அதை எழுதமாட்டேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது.)

“வெறும் கட்டம் கட்டமா ஒரு பொம்மை, புள்ள,” என்றார் மருதாசலம்.

“பொம்மைய என்னத்துக்குங்க கட்டிப் போட்டிருக்குது?”

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள்.

3

முதல் பிரதியில் அவளை டிவியை உடைக்கவைத்தேன். பொய். அந்த டிவிக்காக ஒரு வருஷம் நச்சரித்தவளே அவள்தான்.

நடந்தது இது. மோரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மருதாசலம் பிடித்திருந்த ஜாய்ஸ்டிக்கைக் காட்டினாள். “அந்தக் குச்சியை இப்படிக் குடுங்க.”

திரையில் இருந்தவனை இரண்டடி நடத்தி, விழும் கல்லுக்கு நேராக நிறுத்தினாள். செத்தான். அடுத்த உயிர். அதையும் நிறுத்தினாள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி தொடங்கினாள்.

“ஏனுங்கம்மிணி, கல்லு உழுகுதுன்னா நகரோணுமுங்க,” என்றார் அங்கமுத்து.

“தெரியுதுங்கண்ணா. நல்லாத்தான் ஆடறேன்.”

ஒரு மணி நேரம். பாயிண்ட் பூஜ்யம். அந்தப் பெண்ணை ஒருவனும் நெருங்கவில்லை. சிரிப்பு எப்போது நின்றதென்று அங்கமுத்துவுக்கு நினைவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“போதும், குடு புள்ள,” என்று மருதாசலம் கை நீட்டியதை வாசலில் செருப்பு மாட்டும்போது பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

4

பந்தாட்டக் கேசட் அந்த வீட்டில் வெகுநாள் இருந்தது. மற்றதை அங்கமுத்து பிறகு பார்க்கவே இல்லை. அந்தக் கேசட்டை யார் பிடுங்கினார்கள், இருவரும் என்ன பேசினார்கள்? இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் மருதாசலம் ரொம்ப நல்லவராகிவிட்டார், மற்றதில் ரொம்பக் கெட்டவர். இரண்டையும் கிழித்தேன்.

நீட்டிய கை அப்படியே இருக்கிறது. மீதியை நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும்: அவளை எழுந்துபோகச் சொல்லாதீர்கள்.